சீறியது எது? இலங்கைத் தீவின் மழையும் நம் கட்டுரைத் தமிழும்

வெள்ளம், புயல், மண்சரிவு ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரை எதனை எடுத்தாலும் முதற் பத்தியிலேயே ஒரு தொடர் நம்மை எதிர்கொள்கின்றது. ‘இயற்கையின் சீற்றம்’ என்பதே அத்தொடர். சற்று அணி சேர்க்க விரும்புவோர் இயற்கையைத் தாயாக்கி, ‘இயற்கை அன்னை சீற்றங் கொண்டாள்’ என்பர். இன்னும் மேலே செல்வோர் ‘வருணபகவான் கோரத் தாண்டவம் ஆடினான்’ என்பர். தாண்டவம் வேறொரு தெய்வத்திற்கு உரியதாயிற்றே என்று ஒருவரும் கேட்பதில்லை! நாளிதழ்ச் செய்தியில் இத்தொடரைக் காண்கின்றோம். வானொலி உரையில் கேட்கின்றோம். நம் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளில் ஆண்டுதோறும் சிவப்பு மையால் சரியென்று குறியிடுகின்றோம்.

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் இஃது உண்மையை மறைக்கும் தொடர் என்பது என் கருத்து. எதனை மறைக்கின்றது, எவ்வாறு மறைக்கின்றது என்பதை இலங்கைத் தீவை எடுத்துக்கொண்டு காட்ட முயல்கின்றேன். இலங்கையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மழைக்கும் காற்றுக்கும் தமிழில் நுட்பமாகப் பெயரிட்டு வாழும் மக்கள் அங்கு உள்ளனர். நம்மைப் போன்றே தோட்டத்து வாழ்வை அறிந்த தமிழர் அங்குப் பல இலட்சம் பேர். மேலும், 2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் கடைசி வாரத்தில் அவர்களுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் புயல் வந்தது.

அந்த வாரத்தை நினைவூட்டுகின்றேன். இலங்கையில் ‘டிட்வா’ புயல் கிழக்குக் கரையில் ஏறி மெல்ல மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்தது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாள்களில் மலாக்கா நீரிணையில் ‘சென்யார்’ என்னும் மற்றொரு புயல் உருவாகிச் சுமத்திராவின் வடபகுதியைத் தாக்கியது. அங்கு வெள்ளத்திலும் மண்சரிவிலும் மாண்டவர் ஆயிரத்திற்கு மேல். பின்னர் அப்புயல் கிழக்கே திரும்பி, வலுக்குன்றிய நிலையில், 28ஆம் நாள் நம் சிலாங்கூர்க் கரையை அடைந்தது.

அடுத்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘மழையும் புயலும்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். எங்களது சிறு பள்ளி. வகுப்பில் பதினான்கு பேர். பதினொருவர் ‘இயற்கை அன்னை’யைக் கொண்டே தொடங்கினர். அது வியப்பன்று, தொடங்கும் முறையைக் கற்பித்தவன் நான். ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். இரவு இரண்டு மணிக்கு அப்பா எழுந்து கைவிளக்குடன் சென்று பின்புறக் கால்வாயைப் பார்த்து வந்தார், தண்ணீர் மதகின் மூன்றாம் பலகைவரை நிற்கின்றது என்றார், அம்மா அரிசி டின்னையும் பள்ளிப் பைகளையும் மேசைமேல் ஏற்றினார், பாட்டி உறங்கவில்லை. இவ்வளவுதான் அவன் கட்டுரை. அதற்கு முப்பதுக்குப் பதினாறு புள்ளி வழங்கினேன். ‘தொடக்கம் கவர்ச்சியாக இல்லை, இனிய தொடர்கள் சேர்க்கவும்’ என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இலங்கை மலையகச் செய்திகளைத் தொகுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அச்செய்திகள் என் பதினொரு மாணவர்களின் கட்டுரைகளைப் போலவே இருந்தன! எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, யார் எச்சரித்தார், யார் எங்கே சென்றார் என்பவற்றைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சீற்றம் மட்டும் எல்லாப் பத்தியிலும் இருந்தது. அப்போதுதான் அந்தப் பதினாறு என் நெஞ்சில் உறுத்தத் தொடங்கியது.

சீற்றம் என்னும் சொல்லின் பொருளை நோக்குவோம். முறையின்றி எழுவது சீற்றம். இன்ன நாளில் வரும், இன்ன இடத்தில் வரும் என்று சொல்ல இயலாதது. பாம்பு சீறும், யானை மதங்கொண்டு சீறும். இலங்கையின் மழை அத்தகையதன்று. அது முறை வைத்து வருவது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. இவ்விரண்டிற்கும் இடையே மார்ச்–ஏப்ரலிலும், அக்டோபர்–நவம்பரிலும் இடைப்பருவ மழை. தீவின் நடுவே மலைத்தொகுதி எழுந்து நிற்பதால் இக்காற்றுகள் தம் மழையை எங்கும் ஒருபடித்தாகப் பகிர்ந்தளிப்பதில்லை. தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றால் சுமக்கவியலாத நீர் அங்கேயே மழையாகக் கொட்டும். வட்டவளை, கினிகத்தேனை முதலிய இடங்களில் ஓராண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டுவது இதனாலேயே. அதே காற்று மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது நீரிழந்து வறண்டு, இறங்குவதாலேயே வெப்பமும் பெறுகின்றது. தீவின் வடமேற்கில் மன்னாருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்தான்.

அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுப் படங்கை இடுப்பிற் கட்டி, நனைந்துகொண்டே கொழுந்து பறிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் வானம் வெளுத்துக் கிடக்கும். அக்டோபர் பிறந்ததும் முறை மாறும். அப்போது மழைக்கும் மண்சரிவுக்கும் அஞ்ச வேண்டியவர்கள் ஊவா மக்கள். மேற்குச் சரிவிலும் அதன் அடிவாரத்திலும் உள்ளவர்களுக்கோ அச்சமாதம் மே. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரிப் பகுதியில் பெருவெள்ளம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மண்சரிவு. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் வெள்ளமும் சரிவும். மூன்றும் மே மாதம். சீறுகின்றவன் நாட்காட்டி பார்த்தா சீறுவான்?

இம்முறையை அறிய அறிவியல் நூல் வேண்டுவதில்லை. உழவர் அறிந்திருந்தனர். பெரும்போகம், சிறுபோகம் என்று வேளாண்மையை இரண்டாகப் பிரித்ததும், வறண்ட நிலப்பகுதியெங்கும் குளங்களை வெட்டி மாரி நீரைத் தேக்கியதும் அவ்வறிவின் பயன். கடலோடிகளும் அறிந்திருந்தனர். நம் பழம்புலவர் நாற்றிசைக் காற்றிற்கும் பெயர் வைத்தனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் இவற்றுள் வாடையையும் கொண்டலையும் இன்றளவும் பேச்சு வழக்கில் வைத்துக்கொண்டு, சோளகம், கச்சான் ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டனர். மட்டக்களப்பில் கச்சான் என்றால் மலையைத் தாண்டி வந்து உடலை உலர்த்தும் வெப்பக்காற்று என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். மேலே நான் ஒரு பத்தியில் விளக்கிய காற்றியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட அந்நாவல் 1978ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. அதில் காற்று வெறும் பின்னணி அன்று. வாடை எழுந்தால் வேற்றூர் மீனவர் வந்து வாடி அமைப்பர்; தொழில் தொடங்கும்; காதலும் பகையும் அதனோடு தொடங்கும். காற்று ஓய்ந்தால் அவர்கள் இருப்பதற்குக் காரணமில்லை. கதையின் கட்டுக்கோப்பையே காற்றின் வரவு தீர்மானிக்கின்றது. அவர் பேராதனையில் புவியியல் பயின்றவர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. இத்தனைச் சொற்செல்வம் உடைய ஒரு மொழியில், தீவைப் புயல் தாக்கிய மறுநாள் எழுதப்படும் உரைநடைக்கு ‘சீற்றம்’ என்னும் ஒரே சொல்தானா கிடைக்க வேண்டும்?

புயல் என்பது பருவமழையைப் போன்றதன்று, அது திடீரென வருவதே என்று கூறுவோர் உண்டு. ஒருவகையில் மெய்யே. ஆண்டுதோறும் வருவதன்று, எந்த ஊரில் கரையேறும் என்பதையும் சில நாள்களுக்கு முன்புதான் அறிய இயலும். ஆயினும் அதற்கும் காலம் உண்டு. இலங்கையைத் தாக்கிய பெரும் புயல்களின் தேதிகளை எண்ணிப் பார்க்கலாம்: 1964 டிசம்பர் 22–23, 1978 நவம்பர் 23, 2000 டிசம்பர் 26, 2020 டிசம்பர் 2, 2025 நவம்பர் 28. எல்லாம் கார்த்திகை, மார்கழி. வங்கக் கடலில் அப்பருவத்தில் எழும் சுழல்கள் தாழ்ந்த அட்சத்தில் மேற்கு நோக்கி வருவதே காரணம்.

இவற்றையெல்லாம் ‘புயல்’ என்று ஒரே சொல்லால் குறிக்கின்றோம். அதில் குற்றமில்லை. ஆனால் அவை செய்த அழிவு ஒன்றா? 1964ஆம் ஆண்டில் கொன்றது கடல். வட இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணையில் புகுந்த அப்புயலில் தனுஷ்கோடிக்குள் கடல் ஏறிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில்வண்டி நீரில் மூழ்கியது. அதில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. தலைமன்னாருக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர் பல தலைமுறையாகக் கடந்து சென்ற துறைமுகம் அது! பிறகு அங்கு மக்கள் வாழத் தகாதென்று சென்னை அரசு அறிவித்துவிட்டது. 1978ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கொன்றது காற்று. தென்னந்தோப்புகள் முறிந்து விழுந்தன, கூரைகள் பறந்தன, சுவர்கள் வீழ்ந்து மக்கள் மாண்டனர், இறந்தோர் தொள்ளாயிரத்திற்கும் மேல். 2025ஆம் ஆண்டுப் புயலோ காற்றின் வேகத்தை மட்டும் நோக்கினால் 1978க்குப் பக்கத்தில் வைக்கத் தக்கதன்று. ஆயினும் அது விரைந்து செல்லவில்லை. தீவை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து பொழிந்தது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அதாவது மன்னார் நான்கு மாதத்தில் பெறவேண்டிய அளவு ஒரு பகல் ஓர் இரவில். இம்முறை கொன்றது மண். மாண்டோரில் பெரும்பாலோர் கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலை மாவட்டத்தினர். கரையோரப் புயலில் கடலைக் காணாத மக்கள் இறந்தனர்.

கடலுக்கு அஞ்சுவோன் மேட்டிற்கு ஓட வேண்டும். காற்றிற்கு அஞ்சுவோன் உறுதியான கூரையின் கீழ் ஒதுங்க வேண்டும். மண்ணுக்கு அஞ்சுவோன் மேட்டைவிட்டும் வீட்டைவிட்டும் வெளியேற வேண்டும். ஒன்றில் உயிர் காப்பது மற்றொன்றில் உயிர் வாங்கும். இம்மூன்றையும் ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்ட கட்டுரையைப் படித்த மாணவன், தன் வீட்டில் தண்ணீர் வரும்போது எந்தப் பக்கம் ஓடுவான்?

இனி, நான் முதலில் சொன்ன ‘மறைத்தல்’ என்பதற்கு வருகின்றேன். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடியது. அது ஊவாவிற்கு மழைக்காலம். முன்பே சொன்ன முறைப்படி, அங்கு அஞ்ச வேண்டிய மாதம். புதைந்தவருள் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்ற செய்தி பின்னர் வெளிவந்தது.

இதனைப் பற்றி நம்மவர் எழுதக்கூடிய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘இயற்கையின் சீற்றத்தால் மீரியபெத்தைத் தோட்டம் மண்ணுள் புதைந்தது.’ தமிழாசிரியர்க்குப் பழக்கமான முறையில் இதனைப் பகுத்துப் பார்க்கலாம். புதைந்தது என்பது பயனிலை. தோட்டம் எழுவாய். சீற்றத்தால் என்பது கருவி அல்லது ஏது. இந்த வாக்கியத்தில் மனிதன் எங்கே? புதைந்த மனிதனும் இல்லை, புதையும் இடத்தில் லயம் கட்டிய மனிதனும் இல்லை, எச்சரித்தவனும் இல்லை, எச்சரிக்கையைக் கேட்டும் அசையாதவனும் இல்லை. ஒன்பதாண்டுக் காலம் ஒரே சொல்லில் சுருங்கி மறைந்துவிட்டது. ‘இரண்டு முறை எச்சரிக்கப்பட்ட சரிவின்கீழ் மாற்றிடம் இன்றி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள், அக்டோபர் மழையில் சரிவு இடிந்தபோது புதைந்தன’ என்று எழுதிப் பாருங்கள். இதில் அணி இல்லை, ஓசை நயமும் குறைவே. ஆனால் படிப்பவன் அடுத்த கேள்வியைக் கேட்பான்: ஏன் மாற்றிடம் இல்லை?

அந்தக் கேள்விக்கு விடை மழையில் இல்லை. லயம் தொழிலாளி தேர்ந்தெடுத்த இடத்தில் கட்டப்பட்டதன்று. தோட்டம் காட்டிய இடம். நிலம் அவன் பெயரில் இல்லை. போ என்றால் போவதற்கு வேறு மனை இல்லை; போனால் வேலைத்தலம் தொலைவு. நம் நாட்டிலும் தோட்டத்தை விற்றபின் லயத்தைவிட்டு வெளியேறியவர்களின் கதையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே அளவு மழை ஒரே மலையில் பெய்கின்றது. பங்களா நிற்கின்றது, லயம் புதைகின்றது. மழை ஆள் பார்த்துச் சீறுவதாகக் கொண்டால் மட்டுமே ‘சீற்றம்’ என்னும் சொல் இங்குப் பொருந்தும்.

துயரில் மூழ்கியவர் கூறும் சொல்லை நான் குறை கூறவில்லை என்பதை இங்குச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ‘வானம் வஞ்சம் தீர்த்துக்கொண்டது’ என்று கதறினால் அஃது அவள் உரிமை. அவளிடம் போய்ப் பருவக்காற்றின் போக்கை விளக்குபவன் மனிதனல்லன். அத்தாயின் சொல்லைக் கடன் வாங்கி, பாதுகாப்பான நாற்காலியில் அமர்ந்து தலையங்கம் எழுதுபவரிடமும், அதனையே ‘இனிய தொடர்’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கும் என்னிடமுமே என் வழக்கு.

‘உருவகமே கூடாதா? இலக்கிய நயம் வேண்டாவா?’ என நண்பர்கள் கேட்கக்கூடும். நயத்திற்கு நக்கீரரைவிடப் பெரிய சான்று வேண்டுமா? நெடுநல்வாடையின் தொடக்கப் பகுதியை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டுகின்றேன். அங்கு மழையைத் தருவது மேகம். யாரும் யார்மீதும் சினங்கொள்வதில்லை. வெள்ளத்தை வெறுத்த ஆயர் தம் நிரைகளை வேறு மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தம் அவர்களுக்கு உண்டு. குளிர் தாங்காமல் பலர் கூடித் தீயில் கை காய்ச்சி, அக்கையைக் கன்னத்தில் வைத்தும் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் கூனிப்போகின்றன, பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன, கறவைப் பசு கன்றைப் பால் உண்ண விடாமல் உதைக்கின்றது. இவ்வளவும் கண்ணாற் கண்டு எழுதியவை. பசு கன்றை உதைத்தது என்ற ஒரு குறிப்பு, ‘கடுங்குளிர் வாட்டி வதைத்தது’ என்னும் நூறு தொடருக்கு மேலானது. அன்றியும் நக்கீரர் முதலிற் சொல்வது எது என்று கவனியுங்கள்: வெள்ளம் வந்தபோது யார் எங்கே இடம் பெயர்ந்தார் என்பது. இன்றைய வெள்ளச் செய்தியில் நான் தேடித் தேடிக் காணாத செய்தி அது! என் மாணவன் எழுதிய அரிசி டின்னும் மூன்றாம் பலகையும் அந்தப் பாட்டின் வழியில் வந்தவை. பதினொருவரின் இயற்கை அன்னையோ பயிற்சி நூலின் வழியில் வந்தவள்.

சங்கச் சான்று போதாதென்றால் நம் ஊர்ச் சான்றும் உண்டு. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கோலாலம்பூரை அடுத்த ‘ஹைலண்ட் டவர்ஸ்’ அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று, பல நாள் மழைக்குப்பின் பின்புறச் சரிவு இடிந்து சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். அதுவும் டிசம்பர் மழைதான். ஆனால் 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மழையைக் கூண்டில் ஏற்றவில்லை. சரிவை வெட்டியது, தடுப்புச் சுவர் எழுப்பிய முறை, வடிகால் அமைந்த முறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இன்னின்னார்க்கு இவ்வளவு பொறுப்பு என்று பங்கிட்டது. அடுக்குமாடி வீட்டை விலைகொடுத்து வாங்கியவர்க்கு எழுவாய் கிடைத்தது. லயத்தில் குடியிருந்தவர்க்குச் சீற்றமே கிடைத்தது. மொழியிலும் இப்படி ஏழை, செல்வர் வேறுபாடு உண்டு போலும்!

நம் வகுப்பறைக்குத் திரும்புவோம். நம் பிள்ளைகளுக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களைக் கற்பிக்கின்றோம். கற்பிக்கத்தான் வேண்டும், அவையின்றி முல்லைத்திணை விளங்காது. ஆனால் பந்திங்கில் பனிக்காலம் ஏது? இங்கு மழை ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர்–நவம்பரிலும் மிகும். கிழக்குக் கரையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையில் பெரும்பகுதியை நடுமலை மறைத்துக்கொள்கின்றது. இலங்கையில் ஊவாவிற்கும் அட்டனுக்கும் உள்ள உறவே இங்குக் கிளந்தானுக்கும் சிலாங்கூருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் விடியற்காலையில் கடலிலிருந்து இருண்டு வந்து, அரைமணி ஒருமணி அடித்துவிட்டுப் போகும் காற்று மழையைக் கடலோடிகள் ‘சுமத்திரா’ என்றனர். பால்மரக் காலத்தில் வளர்ந்தவர்க்கு அம்மழை நன்கு நினைவிருக்கும். விடியலில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. என் தாயார் பெரட்டுக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். தெற்கையோ கிழக்கையோ பார்த்ததில்லை. கல்வி அறிவில்லாத அவருக்குத் தெரிந்திருந்த இந்தத் திசையை எந்தக் கட்டுரை நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. நானும் முப்பதாண்டாக என் மாணவர்க்குக் கற்பிக்கவில்லை. செம்பனை வந்தபின் அந்தப் பார்வையும் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டது.

ஆகவே தமிழாசிரியர் ஒருவர் செய்யக்கூடியது சிறிதேயாயினும் அதனைச் செய்து பார்த்தேன். ஏடுகளைத் திரும்பப் பெற்றேன். அந்த மாணவனின் ஓரக் குறிப்பை அடித்துவிட்டு, புள்ளியையும் திருத்தினேன். எல்லோரும் மறுமுறை எழுத வேண்டும் என்றேன். இயற்கை, சீற்றம், கோரம், தாண்டவம் ஆகிய நான்கு சொற்களும் இம்முறை விலக்கு. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே நின்றது, யார் என்ன செய்தார் என்பவற்றை மட்டும் எழுத வேண்டும். பிள்ளைகள் முதலில் திகைத்தனர். ஒரு மாணவி, ‘ஐயா, அப்படியென்றால் எப்படித் தொடங்குவது?’ என்று கேட்டாள். நல்ல கேள்வி. முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் வந்த கட்டுரைகளில் எழுத்துப் பிழை கூடியிருந்தது, வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. புலவர் ஒருவர் பார்த்தால் முகஞ்சுளிப்பார். ஆனால் பதினான்கில் ஒன்பது கட்டுரையில் அந்தக் கால்வாய் இருந்தது. ஐந்தில் மதகு இருந்தது. ஒருத்தி அதன் பலகைகளை எண்ணி எழுதியிருந்தாள்: ஏழு. கீழிருந்து இரண்டாவது பலகை உளுத்துப்போயிருக்கின்றதாம். கட்டுரையின் கடைசி வரியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள். மழை அதிகமானால் மதகை யார் வந்து திறப்பார்கள், இரவில் என்றால் யாரிடம் சொல்வது என்று. அதற்கு என்ன புள்ளி வழங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியை ஒரு தாளில் படியெடுத்து, பெற்றோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு எடுத்துவைத்திருக்கின்றேன்.